துண்டு நீக்கவியல்: புரட்டாசி எடைக்குறைப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கீழடிப் பானை ஓடுகளை எண்ணி அடுக்கியோர் உண்டு. கல்வெட்டில் உதிர்ந்துபோன அரை எழுத்துக்காக ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் ஆவணி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மட்டன் குழம்போடு வயிறு நிறைய உண்டு முடித்த ஒரு குடும்பத் தலைவர், மாலையில் எதற்காக இன்னொரு பொட்டலம் பிரியாணி வாங்கி வரச் சொல்கிறார் என்பதை முறைப்படி ஆராய்ந்தோர் எவரும் இலர். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எந்த நிதியுதவியும் பெறப்படவில்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். இங்கே ஆராயப்படுவது புலால் மறுத்தல் அன்று. அதை வள்ளுவர் 26ஆம் அதிகாரத்தில் பேசி முடித்துவிட்டார். அவருடைய பத்துக் குறளில் ஒன்றிலும் ‘ஒரு மாதத்துக்கு மட்டும்’ என்ற சலுகை கிடையாது. நம் ஆய்வுக்குரியவர், செப்டம்பர் 17ஐ ஒட்டிப் புலாலைத் தள்ளி வைத்து, அக்டோபர் நடுவில் வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்பவர். கேட்டால் பெருமாளுக்காக என்பார். இன்னும் கொஞ்சம் கிளறினால், “அப்படியே ஒரு ரெண்டு கிலோ குறைஞ்சா நல்லதுதானே” என்பார். அந்த இரண்டாவது வாக்கியமே நம் கருதுகோள்.

இத்துறைக்கு ஆதாரமான புள்ளிவிவரம் ஒன்று உண்டு. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014இல் நடத்திய மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைக் கடந்த தமிழ்நாட்டாரில் நூற்றுக்குச் சுமார் 97 பேர் அசைவர். இதைப் படித்த வெளிமாநிலத்தார், தமிழர்கள் காலையில் பல் துலக்கியதும் கோழிக்கால் கடிப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடும். பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டினால் அந்த மயக்கம் தெளியும். ஒரு மாதத்தில் செவ்வாய் நான்கு, வெள்ளி நான்கு, பெருமாள் வீடுகளில் சனி நான்கு. அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் தனிக்கணக்கு. மாமியார் வந்திருக்கும் நாள், மாதக் கடைசியில் பர்ஸ் காய்ந்த நாள் ஆகியவற்றையும் கழிக்க வேண்டும். எஞ்சிய நாட்களிலும் நடுத்தர வீட்டில் கறி எடுப்பது பெரும்பாலும் ஞாயிறும் புதனும்தான். ஆகவே புரட்டாசியில் உண்மையாகவே துறக்கப்படுவது, தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒன்பது வேளை. நம் 97 பேரும் அசைவர் என்பது உண்மையே. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை உண்மை.

இனி வரலாறு. தமிழன் தானாக முன்வந்து புலாலை நிறுத்தியதற்கான பழஞ்சான்று பொருநராற்றுப்படையில் கிடைக்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடியது, பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அரண்மனைக்கு வந்த பொருநனுக்கு வெந்த இறைச்சியும் சுட்ட இறைச்சியும் மேன்மேலும் வருகின்றன. வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்று, ஒரு கட்டத்தில் இது போதும், வெறுத்துவிட்டது என்கிறான். கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடப்பது. அரசன் என்ன செய்தான்? கஞ்சி கொடுத்தானா? வெந்நீர் கொடுத்தானா? வெவ்வேறு வடிவத்தில் சுவையான பண்டங்களைக் கொண்டுவந்து வைத்து, மறுபடி உட்கார வைத்தான். இப்பகுதியை இலக்கியச் சுவைக்காக மட்டும் படித்தோர் ஒரு பேருண்மையைத் தவறவிட்டனர். இறைச்சி விலகியதும் அந்த இடத்தில் பலகாரம் வந்து அமர்ந்துகொள்கிறது. கரிகாலன் கல்லணை கட்டியவன் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புரட்டாசித் தளிகையின் கொள்கையை வகுத்தவனும் அவனே என்பது இவ்வாய்வின் துணிபு.

புரட்டாசியில் ஏன் கறி ஆகாது என்பதற்கு அறிவியல் விளக்கம் ஒன்று ஆண்டுதோறும் வாட்ஸப்பில் உலா வரும். கோடை முழுக்கச் சூடேறிய பூமி, புரட்டாசியின் முதல் மழை பட்டதும் அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்நேரம் இறைச்சி உண்டால் வயிறு கெடும் என்பது அதன் சாரம். படிக்கும்போது தலையாட்டத் தோன்றும். ஆனால் பூகோளம் ஒத்துழைக்கவில்லை. நமக்குப் புரட்டாசியாக இருக்கும் அதே மாதம், அதே சூரியன், மலையாளத்தாருக்குக் கன்னி. கோயம்புத்தூரில் கிளம்பும் பூமிச்சூடு வாளையாறு சோதனைச்சாவடியில் இறங்கிக்கொள்கிறது போலும். பாலக்காட்டில் மீன்குழம்பு வழக்கம்போலக் கொதிக்கிறது. மேலும் இச்சூடு ஆவணி கடைசி நாள் இரவு பதினொன்றே முக்கால்வரை பூமிக்குள் பொறுமையாகக் காத்திருக்கிறது. இவ்வளவு ஒழுக்கமான வெப்பத்தை இயற்பியல் வேறெங்கும் கண்டதில்லை.

ஒழுக்கம் என்றதும் கிளைநெறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்துறையில் கருத்து மோதல்கள் கடுமையானவை. மூத்த பிரிவு முட்டை சைவமே என்பது. அதற்குள் ஒரு நுண்பிரிவு உடற்பயிற்சிக் கூடங்களில் வளர்ந்தது: வெள்ளைக்கரு சைவம், மஞ்சள்கரு மட்டுமே அசைவம். கேக்கில் கலந்த முட்டை குறித்த விவாதம், கேக் தீரும்வரை நீடிக்கும்.

“ஏங்க, அதுல முட்டை இருக்குமே?”

“வெந்து கலந்துருச்சுல்ல, விடு.”

இவ்விடையில் ஒரு முழுத் தத்துவமே அடங்கியிருக்கிறது. கலந்தால் கணக்கில்லை. இதையே அடித்தளமாகக் கொண்டது குஸ்கா நெறி. பிரியாணி அண்டாவில் ஆட்டோடு ஒன்றாக வெந்து, அதன் கொழுப்பையெல்லாம் உறிஞ்சிய சோற்றை, கரண்டியால் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பரிமாறினால் அது சைவத்தின் வாசலில் நிற்கும் பொருள் என்பது இவர்கள் கொள்கை. பரோட்டாவுக்கு ‘வெறும் சால்னா’ வாங்குவோரும் இம்மரபினரே. இடநெறியாளர் வேறு வகை: விரதம் இருப்பது வீடு, ஆள் அல்லன். வீட்டைக் கழுவியாயிற்று, கவிச்சிப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றியாயிற்று, ஃபிரிட்ஜ் சுத்தம். ஆபீஸ் பக்கத்துக் கடை பற்றிப் பெருமாள் எதுவும் சொல்லவில்லை.

இவற்றைக் கண்டு தமிழரை மட்டும் எள்ளி நகையாடுவது ஆய்வு நேர்மை ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கர் இறைச்சியைத் தவிர்ப்பர், மீன் உண்பர். வெனிசுவேலாவில் காபிபாரா என்றொரு விலங்கு உண்டு. நான்கு கால், உடம்பெல்லாம் மயிர், கொறிவிலங்குகளிலேயே பெரியது. நீரில் நீந்தும் ஒரே தகுதியால் அது அங்கே தவக்காலத்தில் மீனோடு சேர்த்து எண்ணப்பட்டு வருகிறது. வெள்ளைக்கரு நெறியாளர்கள் இதை அறிந்தால் பெரிதும் தெம்படைவர். மராட்டியத்தில் சிராவண மாத விரதத்துக்கு முந்தைய அமாவாசையைக் கட்டாரி என்று பெயர் வைத்தே கறியும் சாராயமுமாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஆவணி கடைசி ஞாயிறு இன்னும் பெயரற்றுக் கிடக்கிறது. தமிழ்ப் பண்பாட்டுத் துறை கவனிக்கட்டும்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். இக்கட்டுரையாளர் கண்டறிந்த விதி, மரபு கருதி நூற்பாவாகவே தரப்படுகிறது:

துண்டு விலகினும் சோறு விலகாது;
விலகிய இடத்தை எண்ணெய் நிரப்பும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், புரட்டாசி இலையின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. அசைவச் சாப்பாட்டில் உடல் எடைக்கு ஏதம் செய்வன யாவை? மலைபோல் குவித்த சோறு, அதன் மேல் ஊற்றிய எண்ணெய்க் குழம்பு, வறுவல், பிறகு அதே சோறு ரசத்தோடு. இவற்றுக்கு நடுவில் அநாதையாகக் கிடக்கும் கோழித்துண்டு, தோல் நீக்கிய நெஞ்சுக்கறியாக இருந்தால், வெந்த 100 கிராமுக்கு சுமார் 165 கலோரியும் 31 கிராம் புரதமும் தருவது. அதாவது இலையிலேயே ஒல்லியான குடிமகன். விரதம் வந்ததும் முதலில் வெளியேற்றப்படுவது அவனே. சோற்றையும் எண்ணெயையும் யாரும் தொடுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துறந்தது ஒன்பது வேளை. வேளைக்கு 150 கிராம் கோழி என்றால் சுமார் 250 கலோரி, மொத்தம் 2,250. ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும் என்பது உணவியலார் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆக, விட்ட இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தால்கூட மாதம் முடிய இறங்கியிருக்கக் கூடியது 290 கிராம். ஆனால் வெறுமை தமிழ் இலைக்கு ஒவ்வாது. கறி இல்லாத குறை தெரியாமலிருக்க உருளைக்கிழங்கு பொன்னிறமாக வறுபடுகிறது. சேனைக்கிழங்கு மீன் வறுவல் வேடம் பூணுகிறது. வாழைப்பூ கோலா உருண்டையாகிறது. காலிஃபிளவர் 65 ஆகிறது. பனீர், எண்ணெயில் இறங்குவதற்கு முன்பே 100 கிராமுக்கு 250 கலோரிக்கு மேல் கொண்டது. இறங்கிய பின் அதைப் பற்றிப் பேசாதிருப்பதே நாகரிகம். இவற்றால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக உள்ளே போகிறது என்று மிகுந்த கஞ்சத்தனத்தோடு வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 120 கலோரி. 31 நாளுக்கு 3,720. வரவையும் செலவையும் நேர் செய்தால் விரதத்தின் நிகர விளைவு சுமார் 190 கிராம். ஏறுமுகமாக.

இதில் சனிக்கிழமை சேர்க்கப்படவில்லை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, உளுந்து வடை, நெய் விளக்கேற்றிய மாவிளக்கு எல்லாம் தெய்வக் கணக்கில் போவதால் அவற்றைக் கலோரியாக மாற்றும் துணிவு இக்கட்டுரையாளருக்கு இல்லை.

ஒரு கொடுமையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இம்மாதத்தில் எடைக்கு உண்மையாகவே நன்மை செய்யக்கூடிய ஒரு பண்டம் நம் மரபிலேயே இருக்கிறது: நவராத்திரிச் சுண்டல். அவித்த பயறு, கைப்பிடித் தேங்காய், ஒரு சொட்டு எண்ணெயில் தாளிப்பு. புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தது. அதை மட்டும் சின்னத் தொன்னையில், மூன்று விரலால் அள்ளிப் போடுகிறார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கோ அன்னக்கரண்டி.

கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் ஆய்வு செல்லாது என்பர். அக்குழுவும் தயாராகவே இருக்கிறது. பிறந்தது முதல் புலாலைத் தொடாமல் கல்யாணப் பந்திகளுக்குச் சமைக்கும் சைவ மாஸ்டர்களின் இடுப்பு வேட்டி எத்தனை முழம் என்று பார்த்தால் போதும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. ஒரு நாளின் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தியத் தட்டில் அது 50 முதல் 70 வரை இருக்கிறது. வழிகாட்டியின் கண் சோற்றின் மேல். நம் கண் துண்டின் மேல்.

புரட்டாசியில் உறுதியாக எடை கூடும் உயிர் இன்னொன்றும் உண்டு. பிராய்லர் குஞ்சு சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எட்டும்படி வளர்க்கப்படுவது. அதற்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஆவணியில் பண்ணைக்குள் விடப்பட்ட குஞ்சு, வாங்குவார் குறைந்த புரட்டாசியில் விற்பனைக்குத் தயாராகி, தேங்கி, தீவனம் தின்று மேலும் பருக்கிறது. பல்லடத்தில் கறிக்கோழி விலையும் நாமக்கல்லில் முட்டை விலையும் சரியும். நாம் இளைப்பதற்காக எடுத்த விரதத்தில் கோழி கொழுத்துவிடுகிறது. ஐப்பசியில் அந்தக் கொழுப்பும் நம்மிடமே வந்து சேர்கிறது. இதைவிட முழுமையான சுழற்சியை உயிரியல் பாடத்தில்கூடப் படித்ததில்லை.

விரதம் வீணே என்று சொல்ல வரவில்லை. வாரம் முழுக்க ஆட்டுக்கறியும் ஈரலும் தின்பவர், அந்த இடத்தில் பருப்பும் பயறும் கீரையும் வைத்தால், சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பின் அளவு இறங்க வாய்ப்புண்டு, மலச்சிக்கலும் நீங்கும். ஒரு மாதத்தில் பி12 தீர்ந்து தலை சுற்றும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. நல்லபடியாக இருக்கும் கல்லீரல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். முதல் வாரத்தில் எடைக்கருவியின் முள் ஒரு கிலோ இறங்கிக் காட்டினால் மட்டும் உறவினருக்கு அறிவிக்க வேண்டாம். அது பெரும்பாலும் நீர், திரும்பி வரும்.

இறுதியாக எதிர்நெறி ஒன்றை ஆராய்ந்தாக வேண்டும். தமிழில் முகநூல் வழியாகப் பரவிய பேலியோ உணவுமுறை, எடை குறைய வேண்டுமானால் துண்டைத் தின்னு, சோற்றை விடு என்கிறது. புரட்டாசி, துண்டை விடு என்றது. சோற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. இவ்விரண்டில் எது சரி என்று உணவியலார் வாதிட்டுக்கொண்டிருக்க, நம் ஆய்வுக்குரியவர் இரண்டிலிருந்தும் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு சமரச நெறி கண்டுவிட்டார். ஐப்பசி முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி, கறிக்கடை வரிசையில் பதிவான உரையாடல் அதற்குச் சான்று:

“பாய், ஒன்றரைக் கிலோ. நெஞ்செலும்பு பார்த்துப் போடுங்க.”

“என்னண்ணே, ஒரு மாசம் விரதம்னீங்க. இளைச்ச மாதிரியே தெரியலையே?”

“அதான் பாய் கடுப்பா இருக்கு. இந்தச் சைவம் எனக்கு உடம்பு போடுது. இனிமே டாக்டர் சொன்னாலும் கறியை விடுறதா இல்ல. அந்தக் கொழுப்பை ஏன் தனியா ஒதுக்குறீங்க, அதையும் போடுங்க. வீட்ல பிரியாணி.”