ரயில் விட்டுப்போன வழி

கே: பிரான்ஸில் கிராமம் கிராமமாக சைக்கிளில் சுற்ற ஆசை. கார், லாரி உரசாத பாதை உண்டா?

ப: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உண்டு. மூடிப்போன ரயில் பாதைகளும், சரக்குப் படகுகள் கைவிட்ட கால்வாய்க் கரைகளும் அங்கே சைக்கிளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவசரக்காரர்கள் விட்டுப்போன சொத்துக்கு நிதானக்காரர்கள் வாரிசு.

கே: வரைபடத்தில் ‘வுவா வெர்த்’, ‘வெலோரூத்’ என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறதே?

ப: டிக்கெட் எடுக்கும் முன் கேட்டீர்களே, பிழைத்தீர்கள்! வுவா வெர்த் என்றால் பசுமைப் பாதை. மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. 2004 முதல் பிரெஞ்சுச் சாலை விதிகளிலேயே அதற்குத் தனி இடம் உண்டு. நடப்பவர், சக்கர நாற்காலிக்காரர், குதிரைக்காரர் எல்லோருக்கும் பங்கு. வெலோரூத் என்பது நெடுந்தூர சைக்கிள் வழி. நடுநடுவே சந்தடி குறைந்த கிராமச் சாலையிலும் ஓடும். முதலாவதில் பிள்ளையை முன்னால் விடலாம். இரண்டாவதில் பின்னால் வரச் சொல்லுங்கள், டிராக்டர் வரும்.

கே: முதன்முதலில் திறந்த பசுமைப் பாதை எது?

ப: பர்கண்டியில், ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை, 44 கி.மீ., 1997. போய் இறங்கும் க்ளுனியில் ஒரு மடாலயம். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அதுதான். புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மிச்சம் நிற்பதே அண்ணாந்து பார்க்க வைக்கும். விற்றதை நினைத்தால் வயிறு எரியும்.

கே: பழைய ரயில் பாதைக்கு அப்படி என்ன மவுசு?

ப: நீராவி எஞ்சினுக்கு மேடு ஆகாது. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏறச் சொன்னாலே மூச்சு வாங்கும். அதனால் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள். உங்கள் முழங்காலும் அந்த எஞ்சினும் ஒரே கட்சி.

கே: குக்கிராமத்துக்கெல்லாம் ரயில் விட்ட புண்ணியவான் யார்?

ப: ஷார்ல் தெ ஃப்ரெசினே என்ற பொதுப்பணித்துறை அமைச்சர். சின்னச் சின்ன வட்டாரத் தலைநகருக்கும் ரயில் போக வேண்டும் என்று 1879-ல் திட்டத்தைச் சட்டமாக்கினார். பிறகு பஸ் வந்தது, கார் வந்தது, ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகும் நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல் காத்த ஊர்களில் இன்று பாதை இருக்கிறது. விற்ற ஊர்களில் அந்த வழி யார் வீட்டுக் கோழிக்கூண்டிலாவது போய் முட்டி நிற்கும். எந்த நாட்டு நிர்வாகியானாலும் இதை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

கே: வழியில் சுரங்கம் உண்டாமே, பயமாக இருக்காதா?

ப: க்ளுனிக்கும் மாக்கோனுக்கும் நடுவே புவா க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வௌவால்கள் உறங்குவதற்காக. அப்போது மலை மேலேறிச் சுற்றிப் போக வேண்டும். வௌவாலின் தூக்கத்துக்காக மனிதன் மேடு ஏறும் நாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

கே: லுவார் ஆற்றோடு கடலை நோக்கிப் போனால் இறக்கம்தான், மிதிக்கவே வேண்டாம் என்கிறான் நண்பன்.

ப: நண்பரை முன்னால் அனுப்புங்கள். நெவேர் பக்கத்திலிருந்து கடல் வரை சுமார் 900 கி.மீ. மொத்த இறக்கம் 200 மீட்டருக்கும் கீழே. கிலோமீட்டருக்குக் கால் மீட்டர்கூடத் தேறாது. எதிரே அட்லாண்டிக்கிலிருந்து பெரும்பாலும் மேற்குக் காற்று. கடலோரம் சான் ப்ரெவானில் தொடங்கி ஆற்றை எதிர்த்துப் போங்கள்; காற்று முதுகைத் தள்ளும்.

கே: அதே பாதையில் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால்?

ப: அது ‘யூரோவெலோ 6’-ன் ஒரு துண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ருமேனியாவில் கருங்கடல் வரும். லீவு லெட்டரைத் திருத்தி எழுதுங்கள்.

கே: மிடி கால்வாயோரம் சைக்கிள் விடுவது என் வாழ்நாள் கனவு. படங்களில் மர நிழல் கண்ணைப் பறிக்கிறது.

ப: கனவைக் கலைக்கவில்லை, கொஞ்சம் திருத்துகிறேன். துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. வழவழப்பான தார். அதன்பின் பல இடங்களில் மண் தடம், வேர், கல். மழை பெய்தால் சக்கரம் சேறு தின்னும். மெல்லிய டயர் சைக்கிளை வீட்டிலேயே மாட்டிவிட்டு, 40 மில்லிமீட்டர் டயரோடு போங்கள்.

மரக் கதை வேறு. கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் வரிசை கட்டி நின்றன. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பெட்டிப் பலகையோடு பிரான்ஸுக்குள் வந்த நோய் என்று சொல்கிறார்கள். மருந்து இல்லை, தொற்றிய மரத்தை வெட்டி எரிக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கில் போய்விட்டன. வெறும் கரையைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். வேறு வகைக் கன்றுகள் நட்டு வருகிறார்கள். அவற்றின் நிழலில் உங்கள் பேரன் சைக்கிள் விடுவான்.

கே: மிடி கால்வாயை வெட்டியது எந்த ராஜா?

ப: ராஜா பதினான்காம் லூயி, ஆனால் மூளையும் கடனும் பியர் போல் ரிக்கே என்ற உப்பு வரி வசூல்காரருடையது. 1666-ல் ஆரம்பித்தார். 1681-ல் திறப்பு விழா. 1680-ல் ரிக்கே காலமாகிவிட்டார். சில மாதம் பொறுத்திருக்கலாம் எமன்.

கே: அந்தக் கால்வாயில் கட்டாயம் நிற்க வேண்டிய ஓர் இடம்?

ப: நொரூஸ் மேடு. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர்தான். கறுப்பு மலையிலிருந்து ரிக்கே கொண்டுவந்த தண்ணீர் இங்கே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கம், மறு பங்கு மத்தியதரைக் கடல் பக்கம். மலையில் தண்ணீர் தேடி அதை மேட்டு உச்சிக்கு நடத்தி வந்ததுதான் அந்த ஆளின் முழு வித்தை. உட்கார்ந்து ரொட்டி தின்ன இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கே: மண் பாதை ஒத்துவராது. வழவழப்பாகவே வேண்டும்.

ப: துலூஸில் மறுபக்கம் திரும்புங்கள். போர்தோ திசையில் கரோன் கால்வாய், 193 கி.மீ., பெரும்பகுதி தார். ஆஜான் ஊரில் கால்வாயே கல் பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டுகிறது: 539 மீட்டர், 23 வளைவுகள். கீழே ஆறு, மேலே படகு, பக்கத்தில் நீங்கள்.

கே: பிரெத்தானிப் பக்கம் எப்படி?

ப: நாந்த்–பிரெஸ்ட் கால்வாய், 360 கி.மீ. சொச்சம். ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை மறித்ததால் உள்நாட்டு வழி வேண்டும் என்றார் நெப்போலியன். முழுசாக முடிந்தது 1842-ல். எதிரி போய்விட்டான், பின்னாலேயே ரயில் வந்துவிட்டது. 1930 வாக்கில் கெர்லெதான் அணை குறுக்கே எழுந்து படகு வழியை நறுக்கியது. நெப்போலியனின் படகு போக முடியாத இடத்துக்கு உங்கள் சைக்கிள் போகும்.

கே: சைக்கிள் சுற்றுலாவுக்குப் பிதாமகர் யார்?

ப: போல் தெ விவி. புனைபெயர் வெலோசியோ. சாந்த் எத்தியென் ஊர்க்காரர், பட்டு வியாபாரத்திலிருந்து சைக்கிளுக்கு வந்தவர், சைவம். ‘சிக்ளோதூரிஸ்ம்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பது அவர் வகுத்த விதிகளில் இரண்டு. மேடு ஏற கியர் வேண்டும் என்று ஆயுசு பூராவும் வாதாடினார். தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றியை அனுமதித்தது 1937-ல். அதைப் போட்டு அந்த வருஷம் ஜெயித்தவர் ரோஜே லாப்பேபி. போர்தோவுக்குத் தென்கிழக்கே சுமார் 50 கி.மீ. ரயில் பாதை அவர் பெயரில் பசுமைப் பாதை ஆகியிருக்கிறது. பார்க்க வெலோசியோ இல்லை. 1930-ல் டிராம் மோதி இறந்தார். கார் வராத பாதை எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கே: வழியில் சாப்பாடு?

ப: காலையிலேயே ரொட்டிக்கடைக்குப் போய்விடுங்கள். கிராமத்தில் பன்னிரண்டு அடித்தால் ஷட்டர் இறங்கும், இரண்டு மணிக்கு முன் ஏறாது. திங்கட்கிழமை பல கடை திறக்கவே திறக்காது. பசி வந்திட ஷட்டரும் இறங்கிடும்.

கே: தண்ணீர்?

ப: கிராமத்துக் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ‘நோன் பொதாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். அங்கேயே தங்க நேரிடும்.

கே: பாதை திராட்சைத் தோட்டம் நடுவே போகிறது. ஒரு கோப்பை ஒயின்...?

ப: சைக்கிள்காரருக்கும் அதே வரம்புதான்: லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். பாட்டிலைப் பையில் வையுங்கள். வண்டியைப் பூட்டிய பிறகு மூடியைத் திறங்கள்.

கே: இரவு சைக்கிளை எங்கே வைப்பது? திருட்டு பயம்.

ப: ‘அக்கேய் வெலோ’ பலகை மாட்டிய விடுதியாகத் தேடுங்கள். பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளுக்குப் பூட்டிய இடம் தருவார்கள், பஞ்சர் ஒட்டச் சாமானும் இருக்கும். அங்கே சைக்கிளும் விருந்தாளி.

கே: வயது 67. மூட்டு வலி. ஆசை மட்டும் இளமையாக இருக்கிறது.

ப: மின் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும், மணிக்கு 25 கி.மீ.யில் நின்றுவிடும் என்றால் சட்டப்படி அதுவும் சைக்கிள்தான். பசுமைப் பாதையில் போகலாம். நாளைக்கு 40 கி.மீ. போதும். முதல் நாள் 20.

கே: பாரிஸில் ஒரே ஒரு நாள் லீவு. லா ஷப்பெல்லில் சித்தப்பா வீடு. கிராமம் பார்க்க வழியுண்டா?

ப: வீட்டு வாசலிலேயே உண்டு. லா ஷப்பெல்லில் மசால்வடை கட்டிக்கொண்டு கிழக்கே கொஞ்சம் மிதித்தால் லா வியெத் நீர்த்துறை. அங்கிருந்து ‘ஊர்க்’ என்ற கால்வாயோரம் சைக்கிள் பாதை. பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவர 1802-ல் நெப்போலியன் உத்தரவிட்ட கால்வாய். முதலில் கிடங்குச் சுவர்கள், அப்புறம் பாப்ளர் மரங்கள், அப்புறம் வாத்து. சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள். முப்பது வருஷம் அங்கே இருந்தும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

கே: எந்த மாதம் உத்தமம்?

ப: மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் பிரான்ஸே லீவில் இருக்கும்.

கே: பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்கலாமா?

ப: ஒரு வார்த்தை தெரிய வேண்டும்: ‘போன்ஷூர்’. கடைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லிவிட்டு வாயைத் திறங்கள். சொல்லாமல் ரொட்டி கேட்டால் ரொட்டி கிடைக்கும், முகம் கிடைக்காது.

கே: மணி கட்டாயமா?

ப: சட்டப்படி கட்டாயம். நடப்பவரைக் கண்டால் தூரத்திலேயே ஒரு முறை அடியுங்கள். முன்னால் குதிரை போனால் மட்டும் அடிக்காதீர்கள், மிரளும். வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்து மெதுவாக ‘போன்ஷூர்’ என்று குரல் கொடுங்கள். குதிரைக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும்.