மாமாவைக் கேளுங்கள்: அட்டிக் ஸ்பெஷல்

கே: வெளியே மைனஸ் 20. மழையே இல்லை. படுக்கையறை சீலிங்கில் மட்டும் ஈரத் திட்டு. எங்கிருந்து ஒழுகுகிறது? (வாசகி, ஸ்கார்பரோ)

ப: உங்கள் அடுக்களையிலிருந்து. வீட்டுக்குள் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் காற்று தண்ணீரைக் கக்கிவிடும். அந்தக் காற்று சீலிங் ஓட்டைகள் வழியே அட்டிக்குக்கு ஏறுகிறது. டார்ச்சோடு அங்கே ஏறிப் பாருங்கள். கூரைப் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி நுனியெல்லாம் வெண்பனி பூத்திருக்கும். வெயில் வந்ததும் அது உருகித் தலையணையில் சொட்டும். இட்லி ஆவிக்கு இப்படியும் ஒரு மறுபிறவி!

கே: இன்சுலேஷனை இரட்டிப்பாக்கினால் தீருமா?

ப: ஓட்டையை அடைக்காமல் போட்டால் கூடும். பஞ்சு கனக்கக் கனக்க அட்டிக் குளிரும். குளிரக் குளிர ஈரம் படியும். கண்ணாடிப் பஞ்சு சூட்டைப் பிடிக்கும், காற்றைப் பிடிக்காது. வயர் நுழையும் துளை, குழாய் இடுக்கு, அட்டிக் கதவின் விளிம்பு, எல்லாவற்றையும் முதலில் அடையுங்கள். அடைப்பதைப் பற்றிப் பேசாமல் விலை மட்டும் பேசுகிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கே: பாத்ரூம் ஃபேன் குழாயை அட்டிக்கிலேயே விட்டுவிடலாமா? செலவு மிச்சம். (வாசகர், மார்க்கம்)

ப: தாராளமாக, மேலே காளான் பண்ணை வைக்கும் உத்தேசம் இருந்தால்.

கே: பாலித்தீன் விரிப்பு பஞ்சுக்கு மேலா, கீழா?

ப: குளிர்நாட்டில் கீழே, சூடான பக்கம். மேலே விரித்தால் பஞ்சு நனையும், பர்ஸ் காயும்.

கே: கூரை விளிம்புத் துளைகளில் குளிர்காற்று நுழைகிறது. பஞ்சால் அடைத்துவிட்டேன்.

ப: இன்றைக்கே எடுங்கள் சாமி! தப்பி ஏறிய ஈரம் வெளியேற அதுதான் வழி. கனடா தேசியக் கட்டட விதி, 300 சதுர அடி சீலிங்குக்கு 1 சதுர அடி காற்றுவழி கேட்கிறது. அட்டிக் குளிரட்டும், குளிரக் கூடாதது நீங்கள்.

கே: லண்டன் வீட்டு லாஃப்ட்டுக்கு எவ்வளவு கனம்? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

ப: கனிமப் பஞ்சு என்றால் 270 மில்லிமீட்டர். அதன்மேல் ஊருக்குப் போகும் சூட்கேஸை அடுக்காதீர்கள். நசுங்கிய பஞ்சு பாதிப் பஞ்சு.

கே: பழைய வீடு. அட்டிக்கில் மினுமினுக்கும் சரளை கொட்டிக் கிடக்கிறது. கூட்டி அள்ளட்டுமா? (வாசகி, மான்ட்ரியல்)

ப: இதில் ஜோக் கிடையாது. அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கம் 1990இல் மூடப்படும்வரை அனுப்பிய வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. துடைப்பத்தைத் தொடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, பரிசோதிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.