வட்டியை யார் கட்டுகிறார்கள்?

கேள்வி: செஞ்சி காந்தி பஜாரில் ஃபிரிட்ஜ் பார்த்தேன். 24,000 ரூபாய். கிரெடிட் கார்டு இருந்தால் ஆறு தவணை, மாதம் 4,000, வட்டியே கிடையாது என்கிறார்கள். ரொக்கமென்றால் 1,000 குறைப்பார்களாம். எது லாபம்? (வாசகி, செஞ்சி)

பதில்: ரொக்கம்தான். வங்கியின் வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் எழுதும் கடன் 22,984 ரூபாய். மீதி 1,016 வட்டி. அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி செய்துவிடுவதால் 'நோ காஸ்ட்' என்று பெயர். ஆனால் அதே வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்: 183 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. கைவிட்டுப்போன ரொக்கத் தள்ளுபடி 1,000. ஆக, 1,418 ரூபாய் கூடுதல். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21 சதவீதம்! பில்லை எத்தனை முறை புரட்டினாலும் இந்த 21 கண்ணில் படாது. எனக்குக் கோபமே அதில்தான்.

கேள்வி: ரிசர்வ் வங்கி இதையெல்லாம் கண்டுகொள்ளாதா? (திண்டிவனம்)

பதில்: கண்டுகொண்டது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியைத்தான் பிராசஸிங் கட்டணமாக மாற்றி வாங்குகிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. தவணையாக மாற்றும் முன்பே அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. வாய்விட்டுக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: கார்டில் 50 நாள் வட்டி இல்லையாம். உரம் வாங்கிவிட்டு, மார்க்கெட் கமிட்டியில் நெல் போட்டதும் கட்டிவிடலாமா? (விவசாயி, ஆலம்பூண்டி)

பதில்: வேண்டாம் ஐயா. பில் போட்ட மறுநாள் வாங்கினால்தான் அந்த 50. பில் தேதிக்கு முந்தின நாள் வாங்கினால் இருபது நாள் கிடைத்தாலே பெரிது. நெல்லுக்கோ பில் தேதி தெரியாது. கை இறுகி, 'மினிமம்' தொகையை மட்டும் கட்டினால் சலுகையே போச்சு. அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதம் 3.5 சதவீதம். நம் பேச்சில் மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டுங்கள், வட்டி கிடையாது. அங்கேயும் வட்டி உண்டுதான், அதை அரசு கட்டுகிறது. ஒளிவுமறைவு இல்லை.

கேள்வி: ஆண்டுக்கு 42 சதவீதமா! சட்டம் தடுக்காதா? (மேல்மலையனூர்)

பதில்: 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்றது தேசிய நுகர்வோர் ஆணையம், 2008-ல். 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கேள்வி: தேசிங்கு ராஜாவிடம் கிரெடிட் கார்டு இருந்திருந்தால்? (கல்லூரி மாணவர், செஞ்சி)

பதில்: அவர் உயிரைக் குடித்ததே பாக்கிதான், தம்பி. தந்தை சொரூப்சிங் காலத்துக் கப்பப் பாக்கியை ஆற்காட்டு நவாப் கேட்டார், மகன் மறுத்தார், 1714-ல் போர்க்களத்தில் மாண்டார். இன்றைய சட்டம் மகன் பக்கம். கார்டு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புவரைதான் வாரிசிடம் கேட்கலாம். 'உன் சம்பளத்திலிருந்து கட்டு' என்று வசூல்காரர் மிரட்டினால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விவரம் கேட்டால், "அதெல்லாம் மெசேஜ்ல வரும்மா" என்கிறார் சேல்ஸ்மேன். (சிங்கவரம்)

பதில்: வரட்டும். படித்துப் பார்த்த பிறகு கார்டை நீட்டுங்கள். சொல்லாத கட்டணம் பில்லில் ஏறியிருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் சரியில்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448-க்குப் போன் போடுங்கள்.