நீலகண்டர் ஆகும் வேட்பாளர்கள்

பதுளையில் போர்ட் அடிக்கும் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் கொண்டுவருவது, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த மங்கலான லோகோ. "இதப் பத்தடிக்குப் பெருசாக்குங்க அண்ணே, நாளைக்குத் திறப்பு விழா." அப்புத்தளைக் காற்றும் ஐப்பசி மழையும் அவர் கணக்கில் வருவதில்லை. மெல்லிய ஃப்ளெக்ஸே போதும், மலிவு.

மலிவு மை வெயிலில் முதலில் தொலைப்பது மஞ்சளையும் சிவப்பையும். நீலமும் கறுப்பும் பிடிவாதமாக நிற்கும். சிரித்த முகமாய்த் தொங்கிய வேட்பாளர், தேர்தல் முடிந்த கையோடு ஆலகாலம் குடித்தவர் போலாவது அதனால்தான். சொன்ன வாக்குறுதிகளும் அதே வேகத்தில் வெளுப்பதால் யாரும் புகார் செய்வதில்லை.

தமிழ் எழுத்து தனிக்கதை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பாமினி எழுத்துரு இல்லாத கணினிக்கு அந்தச் செய்தி இன்னும் போகவில்லை. பாமினியில் தட்டிய 'அம்மா' அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் வெட்டினால் அப்படியே சுவரேறும்.

எழுத்துகளைக் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக்கி, அனுப்பச் சொல்வதும், தாளில் அச்செடுத்துக் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குவதும்தான் வைத்தியம். கையெழுத்துப் போடுகிறவர் வாசிப்பது போன் நம்பரை மட்டும். தோட்டத்துக் கோயில் திருவிழா பெனராக இருந்தால், உபயகாரர் வரிசையில் தன் பெயர் எத்தனையாவது என்பதை.