ஐந்து ‘ஏன்’, ஒரு மதிப்பெண்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துக் கார் ஆலைகளில் ஒரு நட்டு சரியாக இறுகாவிட்டால் விசாரணைக் கமிஷனே உட்காரும். ஏன் இறுகவில்லை, அது ஏன் கண்ணில் படவில்லை என்று ஐந்து முறை ‘ஏன்’ கேட்டாக வேண்டும். டொயோட்டா பரப்பிவிட்ட பழக்கம். அந்த ஷிப்டுக்குப் போகிற டிப்ளமோ பையன் பள்ளியில் இரண்டாவது ‘ஏன்’ கேட்டிருந்தால் வகுப்புக்கு வெளியே நின்றிருப்பான்.

இத்தனைக்கும் அறிவியல் வரலாறு நம் வாசலிலேயே கிடக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார், ஆதிமனிதனின் கோடரி! அதுபோன்ற கற்களை எத்தனையோ பேர் மிதித்துப் போயிருப்பார்கள். இவருக்கு மட்டும் ஏன் கோடரியாகத் தெரிந்தது? பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மெய்யானவைதாம் என்று ஆங்கிலேய அறிஞர்களான பிரெஸ்ட்விச்சும் எவான்சும் 1859-இல் ஏற்றுக்கொண்ட செய்தி இவருக்குத் தெரியும். கண்ணுக்கு முன்னால் கருத்து போய் நின்றுவிட்டது. அதே 1863-இல் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் சொன்னது 2011-இல்தான்.

ஐந்தென்ன, ஐம்பது ‘ஏன்’ தாங்கும் சரக்கு. பாடமாகும்போது என்னவாகும்? கோடிட்ட இடத்தை நிரப்புக: பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டறிந்தவர் ______. ஒரு மதிப்பெண். மற்றதெல்லாம் சிலபஸில் இல்லை.