மீல் சொல்லியும் கேட்காதவர்கள்

ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் யாரைக் கேட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை என்பார்கள். மிச்சமிருப்பவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல் வழக்குப் போடும் வக்கீல்கள். நான் முதல் ஜாதி. ஆக்சுவரி. ஒருவரைப் பார்க்காமல், அவரோடு ஒரு வார்த்தை பேசாமல், வயது, சிகரெட், ரத்த அழுத்தம் மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் எப்போது போய்ச் சேருவார் என்று கணக்குப் போடுகிற தொழில். அந்தத் தனி ஆளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவரைப் போல லட்சம் பேரைப் பற்றி அவர்கள் வீட்டுக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். நேரில் சந்தித்துவிட்டால் ‘பார்க்க நல்லா திடமா இருக்காரே’ என்று தோன்றிக் கணக்கு கெட்டுவிடும். அதனால் நாங்கள் யாரையும் சந்திப்பதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினாள்.

தொண்ணூறுகளில் நான் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தபோது விஷயம் எளிதாக இருந்தது. ஜிஆர்இ-க்காக, வாழ்நாளில் யாரும் பேசியிராத ஆங்கில வார்த்தைகளை நெட்டுருப் போட்டோம். சிபாரிசுக் கடிதம் கேட்டால் பேராசிரியர், “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார். என்னைப் பற்றி நானே அவ்வளவு உயர்வாக எழுதியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி.

“நான் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணலப்பா. ஒரு ஆளுக்கு அப்ளை பண்றேன்” என்றாள் மகள்.

அதாவது இந்தத் துறையில் ஒவ்வொரு பேராசிரியரும் தன் ஆய்வுக்கூடத்துக்குத் தானே ஆள் எடுப்பார். வருடத்துக்கு ஒருவர். சில வருடம் அதுவும் இல்லை. அவருக்கு அரசாங்க ஆராய்ச்சி நிதி வந்தால் எடுப்பார், வராவிட்டால் மாட்டார். ஆகவே ஆகஸ்ட் மாதத்திலேயே ‘இந்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா?’ என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ‘எடுக்கலாம் என்று நம்புகிறேன்’ என்று பதில் வந்தால் அதைக் குடும்பமே உட்கார்ந்து பதம் பிரித்துப் பொருள் காணும். பதிலே வராவிட்டால் அதற்கும் ஓர் உரை உண்டு.

சரி, கல்லூரி முடித்த கையோடு போட்டுவிட வேண்டியதுதானே என்றால், அதுவும் நடக்காது. முதலில் எங்காவது ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளராக இருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமில்லை. எல்லோரும் செய்கிறார்கள், அதனால் கட்டாயம்.

மகளுக்குக் கிடைத்த வேலை சண்டை பார்ப்பது. ஒரு தாயையும் அவளுடைய பதினைந்து வயதுப் பிள்ளையையும் அறையில் உட்காரவைத்து, வீட்டில் அடிக்கடி தகராறு வரும் விஷயம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, பத்து நிமிடம் பேசுங்கள் என்று சொல்லி வீடியோ எடுப்பார்கள். இவள் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்து, எந்த நொடியில் தாய் பெருமூச்சு விட்டாள், எந்த நொடியில் பையன் கண்ணை உருட்டினான் என்று குறியீடு போட வேண்டும். இவள் ஒருத்தி குறித்தால் போதாது. இன்னொருவர் தனியாகக் குறித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்குக் கப்பா என்று பெயர். ஜேக்கப் கோஹென் என்பவர் 1960இல் கொடுத்தது. குருட்டாம்போக்கில் ஒத்துப்போனதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சொல்லும். ஒன்று என்றால் முழு உடன்பாடு. பூஜ்யம் என்றால் காசு சுண்டிப் பார்த்திருக்கலாம். அது பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும் என்பதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சாம்பாரில் உப்பு பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் தெரிவித்தாள்.

அதன் பிறகு வீட்டில் பெருமூச்சு விடுவதற்கே பயமாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த உதவி எண்கள்தான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால், ஒவ்வொரு துறையும் படிப்பை முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, எத்தனை பேர் பாதியில் ஓடினார்கள், எத்தனை பேருக்கு உரிமம் கிடைத்தது என்பதையெல்லாம் பொதுவில் போட்டாக வேண்டும். பல துறைகள் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பேரை எடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகின்றன. இவ்வளவு நேர்மையாகத் தன் இறப்பு விகிதத்தை அச்சிடும் துறையை நான் பார்த்ததில்லை. எக்செல்லைத் திறந்தேன். சில நூறு விண்ணப்பங்கள், பத்துக்கும் குறைவான இடங்கள். ஓர் இடத்தில் 3 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டால், எங்காவது ஒன்றில் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 31 சதவீதம். ஆனால் அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளுக்கு. இங்கே பன்னிரண்டு இடத்துக்கும் போவது அதே கட்டுரை, அதே மூன்று கடிதங்கள். கடலோரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீட்டுக்குப் பாலிசி கொடுத்த மாதிரி. புயல் வந்தால் ஒரு வீடு மட்டும் தனியாகப் போகாது.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களில் இந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு எங்காவது இடம் கிடைத்துவிடுகிறது. ஒரு துறையின் சதவீதத்தையும் நாடு முழுவதற்குமான சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். உறவினர்களிடம் பேசும்போது ஒப்பிட்டேன். “எம்.டி. கெடைக்கலையா?” என்று கேட்பவர்களை வேறு எப்படித்தான் சமாளிப்பது?

இவ்வளவு போட்டிக்குக் காரணம் காசு. இந்த பிஎச்.டி. இடங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சை செய்பவர் ஆராய்ச்சியாளராகவும் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த இரட்டை வேடத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சிகிச்சைக்கு முதலிடம் கொடுக்கும் சைடி என்ற இன்னொரு முனைவர் பட்டமும் உண்டு. அதில் இடங்கள் அதிகம், சேருவது சுலபம். பெரும்பாலும் காசு நாம் கட்ட வேண்டும். என் மனைவி அந்தக் கட்டண விவரத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு மகளின் ஆராய்ச்சி ஆர்வத்தைப் பாராட்டத் தொடங்கினாள்.

அடுத்து நோக்கக் கட்டுரை. இதில் நான் தாராளமாக உதவ முன்வந்தேன். மனசு சம்பந்தப்பட்ட படிப்பு. நம் குடும்பத்தில் கதைக்கா பஞ்சம்? மூன்று வருடம் மாடியை விட்டு இறங்காத சித்தப்பா இருக்கிறார். பெரிய அத்தை கதவைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். இவளுக்கே பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்கும். எல்லாவற்றையும் உருக்கமாக எழுதி, கடைசியில் ‘பிறருக்கு உதவ விரும்புகிறேன்’ என்று முடித்தால் கல்லும் கரையுமே?

மகள் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து நீட்டினாள். ஆப்பிள்பி என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், ஒரு நல்ல விண்ணப்பத்தைக் குப்பையில் போட வைப்பது எது என்று கேட்டிருக்கிறார்கள். வந்த பதில்களில், சொந்த மனநலப் பிரச்சினையை எழுதுவது ஒன்று. தன்னைப் பற்றி அளவுக்கு மேல் திறந்து கொட்டுவது இன்னொன்று. உலகுக்கெல்லாம் உதவத் துடிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. மனநோயைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் துறை, தன் வாசலில் மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது. இது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. சித்தப்பா நீக்கப்பட்டார். கட்டுரை பெருமூச்சைப் பற்றியே அமைந்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதிக் கெடு முடிந்தது. அதற்கப்புறம்தான் என் ரத்த அழுத்தம் ஏறியது. அதற்குக் காரணம் விண்ணப்பமல்ல, பால் மீல்.

மீல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர். தானே நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். 1954இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இந்த நோயாளி தேறுவாரா, இந்தக் கைதி திரும்பக் குற்றம் செய்வானா, இந்த மாணவன் நன்றாகப் படிப்பானா என்பதையெல்லாம் அனுபவசாலி நேரில் பார்த்துச் சொல்வது சரியாக வருகிறதா, நாலு எண்களைக் கூட்டிக் கழிக்கும் சூத்திரம் சொல்வது சரியாக வருகிறதா என்று அதுவரை நடந்த ஏறக்குறைய இருபது ஆய்வுகளை அலசினார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சூத்திரம் ஜெயித்தது, அல்லது சமமாக நின்றது. சூத்திரத்தின் பக்கம் அவர் எங்கள் தொழிலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார். ஆக்சுவரிகளைப் பாராட்டி ஒருவர் எழுதி நான் படித்தது அதுதான் முதல் தடவை. இரவு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. ராபின் டாவ்ஸ் என்பவர் 1971இல் ஒரிகன் பல்கலைக்கழக உளவியல் துறையின் மாணவர் சேர்க்கையையே எடுத்து ஆராய்ந்தார். மதிப்பெண், ஜிஆர்இ, படித்த கல்லூரியின் தரம் ஆகிய மூன்றை மட்டும் கூட்டிப் பார்த்தால், சேர்க்கைக் குழு கூடிக் கூடிப் பேசிப் போட்ட தரவரிசையைவிட நன்றாகவே பலிக்கிறது என்று காட்டினார். சொந்த வீட்டிலேயே சோதனை செய்து, சொந்த வீட்டுக்காரர்களே எழுதி வெளியிட்ட முடிவு.

இதையெல்லாம் கண்டுபிடித்த துறை என்ன செய்தது? பெருந்தொற்றுக்குப் பிறகு பல இடங்களில் ஜிஆர்இ-யை எடுத்துவிட்டது. காசில்லாத பிள்ளைகளை அது வடிகட்டிவிடுகிறது என்கிறார்கள். நியாயமான வாதம்தான், தேர்வுக்குக் கொட்டிய பணத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் சூத்திரத்தில் ஒரு காலை உடைத்தவர்கள் நேர்காணலில் கைவைத்தார்களா? ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஊர் ஊராகப் போய் வந்தாள் மகள். கம்ப்யூட்டர் திரையில் நடந்தவை வேறு. பகலில் பேராசிரியர்களோடு தனித்தனியாக அரை மணி நேரம். இரவு அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியின் சோபாவில் தூக்கம். நடுவில் ஒரு விருந்து. அது மதிப்பீட்டுக்கு இல்லை, சும்மா பழகத்தான் என்பார்கள். சும்மா பழகுகிற இடத்தில் எத்தனை வாய் பீட்சா கடிப்பது என்று அங்கிருந்த பெண்கள் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்களாம்.

கும்பகோணத்திலிருந்து வீடியோவில் வந்த அம்மாவுக்கு என் கோபம் புரியவில்லை. “ஆளை நேர்ல பாத்துப் பேசாம பின்ன எப்படிடா தெரியும்? பஸ்ல பக்கத்துல ஒருத்தி உக்காந்தா பாபநாசம் வர்றதுக்குள்ள அவ யாரு எவருன்னு எனக்குத் தெரிஞ்சுரும்.”

அம்மாவுக்காகவே ஓர் ஆய்வு இருக்கிறது. டாவ்ஸின் பெயரும் அதில் உண்டு. அவர் மறைந்த பிறகு 2013இல் வெளிவந்தது. மாணவர்கள் மற்ற மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்கள் அடுத்து என்ன மதிப்பெண் வாங்குவார்கள் என்று ஊகிக்க வேண்டும். பதில் சொல்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு விதி கொடுத்திருந்தார்கள். கேள்வியின் அர்த்தத்தைப் பார்க்காதே, அதன் கடைசி வார்த்தைகளின் முதலெழுத்தைப் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல். முழுக்க உளறல். கேட்டவர்களோ, உண்மையான பதில் பெற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல், ‘இவரை நன்றாகப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஊகித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும்.

“அந்தப் பொண்ணுங்க பொய் சொல்லிச்சுன்னா அது அதுங்க தப்பு” என்றாள் அம்மா.

மார்ச் முழுக்க வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. நேர்காணலுக்கு அழைத்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. ஒன்று மட்டும் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு என்பது இங்கே பல்கலைக்கழகங்களுக்குள் பொது ஒப்பந்தம். முன்னால் இருப்பவள் இரண்டு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மனத்தோடு போராடிக்கொண்டிருப்பாள்; பின்னால் இருப்பவள் வீட்டில் சோறு இறங்காது. ஏப்ரல் 14 மாலை, முகம் தெரியாத அந்தப் புண்ணியவதி வேறு ஊருக்குப் போக முடிவெடுத்தாள். மகளுக்கு போன் வந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு, அந்த நேர்காணலில் அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன்.

“ரிசர்ச் பத்தி ஒரு பத்து நிமிஷம். அப்புறம் எப்படி இந்த ஃபீல்டுக்கு வந்தேன்னு கேட்டார். எங்கப்பா ஆக்சுவரி, டின்னர் டேபிள்ல டெய்லி பால் மீல் பத்திப் புலம்புவார்னு சொன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சார். மீலோட கிளாஸ்ல உக்காந்தவராம். மீதி நேரம் முழுக்க அதான் பேச்சு.”

நேர்காணலுக்கு எதிரான ஆதாரங்கள் இன்னமும் வலுவானவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. பொதுவாக அது உதவாது. அந்தப் பேராசிரியர் மட்டும் ஆளைச் சரியாக எடைபோட்டிருக்கிறார்.

மகளோடு வேலை செய்த பெண் ஒருத்தி இந்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாள். அவளுக்கும் ஓர் எக்செல் போட்டுக் கொடுங்கள் என்று மகள் கேட்டாள். ‘தகப்பனார் தொழில்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினேன். பல் டாக்டர் என்று நிரப்பி அனுப்பியிருக்கிறாள். பாவம்.