டெக்சஸ் நாக்கு

டெக்சஸ்காரர் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் முதலில் தேடுவது வாடகை வீட்டையல்ல, பிரிஸ்கெட்டை. கிடைத்தாலும் ஒரு வாய் தின்றுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். மாட்டு நெஞ்சுக்கறியில் உப்பும் மிளகும் தடவி, ஓக் விறகுப் புகையில் 12 மணி நேரம் வாட்டினால் போதாதாம். அந்த ஓக் டெக்சஸில் முளைத்திருக்க வேண்டும்!

லாக்ஹார்ட் ஊரில் 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் என்ற கறிக்கடையில் நெடுங்காலம் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. கசாப்புத் தாளில் கறி, தன் கையே தனக்குதவி. 1999-இல் அந்த ஊரை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகராக அறிவித்துப் பிரதிநிதிகள் சபையே தீர்மானம் போட்டது. மக்களுக்கு வேறு குறை ஏதும் பாக்கியில்லை போலும்.

பர்கர் பாசமும் சளைத்ததல்ல. 1950-இல் கார்பஸ் கிறிஸ்டியில் பிறந்த வாட்டபர்கர் கடைத்தொடரின் பெரும்பங்கு 2019-இல் சிகாகோ நிறுவனத்துக்குக் கைமாறியதும் ஊரெல்லாம் ஒப்பாரி. அழுது முடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கடையில்தான் வரிசையில் நின்றார்கள்.

எந்தக் கறிக்கும் முழு ருசி வருவது, அது கிடைக்காத ஊரில் உட்கார்ந்து பேசும்போதுதான்.